கயிற்றில் இறங்கிய தேயிலை, காலால் ஏறிய ஜனம்

2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைநடைப் பாதைகளை அறிவித்தது. பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டால் வழிகாட்டியோடு நடக்கலாம். பட்டியலில் நம்ம பக்கத்துப் பாதைகளும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு – புதுப்பட்டி. தேனிப் பக்கம் குரங்கணி – சாம்பலாறு. ஒவ்வொரு பாதையையும் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். யாருக்குச் சுலபம், யாருக்குக் கடினம் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

மலை என்றால் நமக்கு உடனே 'இயற்கை' என்ற சொல் வந்துவிடுகிறது. மனிதக் கை படாத இடம், ஆலைக்கும் புகைக்கும் சம்பளத்துக்கும் வெளியே உள்ள இடம் என்ற கற்பனை. இந்தக் கற்பனையை நமக்குக் கொடுத்தவர்களே மலையை முதலில் வேலைத்தலமாக ஆக்கியவர்கள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கைவிடப்பட்ட சுரங்கம், ட்ராம் தண்டவாளம், மரம் அறுக்கும் பட்டறை இவற்றைச் சுற்றிக் காட்டோடைகளின் ஓரமாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடைப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். ஆங்காங்கே ஒரு பலகை: இன்ன ஆண்டில் இன்னது இங்கே இருந்தது. அவனுடைய தொழில்வரலாறு அவனுக்குப் பெருமை. நம்மிடமும் அதே மாதிரி இடிபாடுகள் உண்டு. அவற்றை யாருடைய வரலாறாகச் சொல்வது என்பதில்தான் சிக்கல். கம்பெனியின் வரலாறாகச் சொன்னால் அது பொறியியல் சாதனை. சுமந்தவன் வரலாறாகச் சொன்னால் வேறு கதை.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வியாதி உண்டு. மலையைக் கண்டால் குறிஞ்சி, காட்டைக் கண்டால் முல்லை, உடனே உரிப்பொருளைத் தேடப் போய்விடுவோம். ஆனால் அதே மரபுக்குள் சிலப்பதிகாரம் ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது: பாலை தனி நிலமல்ல, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலைதான் பாலை என்று. அதாவது நிலத்துக்குக் காலம் உண்டு; நிலம் 'ஆக்கப்படுகிறது'. வகுப்பறையில் இதை வெயிலோடு முடித்துக்கொள்கிறோம். வெயில் மட்டுமா நிலத்தைத் திரிக்கிறது? குத்தகைப் பத்திரமும் திரிக்கிறது.

போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி. அதை ஒட்டிய கொட்டகுடிப் பக்கத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் பாட்டம் ஸ்டேஷன். செங்குத்தாக மேலே போனால் முதுவாக்குடி, அப்புறம் சென்ட்ரல், உச்சியில் டாப் ஸ்டேஷன். இன்றைக்கும் ஜனங்கள் வாயில் இந்தப் பெயர்கள்தான். ரயில் இல்லாத மலையில் என்னத்துக்கு ஸ்டேஷன்? இருந்தது என்பதுதான் பதில்.

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வண்டிப்பாதை வெட்டி, அதன் ஓரமாக 1902ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் என்பது அதன் பெயர். எவிங் முறை என்பார்கள். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் சின்னச் சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் வெறும் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் சில ஆண்டுகள் கழித்து இதே முறையில் ஒன்று ஓடியது. மூணாற்றில் 1908ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டி மாட்டுப்பட்டி, பாலார் வழியாக டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் பதினைந்து கிலோமீட்டர் போடிக்கு. போடிக்கு ரயில் வந்தது 1928ல்தான். அதற்கு முந்தி அம்மையநாயக்கனூர் வரை வண்டிப் பயணம். அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் சீமை.

அரிசியும் சாமான்களும் கீழேயிருந்து மேலே போயின. தேயிலைக்கும் அரிசிக்கும் கயிறு இருந்தது. ஆட்களுக்கு இல்லை. போடியிலிருந்து கொட்டகுடி வழியாகப் பிள்ளைகளை இடுப்பிலும் சட்டிபானைகளைத் தலையிலும் வைத்துக்கொண்டு, அட்டைக்கடியோடு நடந்தே ஏறினார்கள். தலைக்கு மேலே கயிற்றில் பெட்டிகள் போய்வந்துகொண்டிருக்க, அடியில் சனங்கள் நடந்துபோனார்கள் என்ற இந்த ஒரு காட்சியை விட்டுவிட்டு அந்த இடிபாடுகளைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இந்த ஏற்பாட்டின் முதல் ஆவணம் 1877ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஜூலையில் பூஞ்சாற்று அரசர், ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயனுக்குக் கண்ணன் தேவன் மலையை எழுதிக் கொடுக்கிறார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட மலை. வருஷத்துக்கு 3000 ரூபாய் குத்தகை. பூஞ்சாற்றுக் குடும்பம் தன்னை மதுரைப் பாண்டியரின் கிளை என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம். எழுதிக் கொடுத்தவர் அந்த மலையில் குடியிருந்தவரல்ல. குடியிருந்தவர்கள் முதுவர்கள், வெள்ளைக்காரனுக்கு மலைவழி காட்டியவர்களும் அவர்கள்தான். பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து தேவைப்படவில்லை.

1877 என்ற வருஷத்தை நாம் வேறொரு பெயரில் அறிவோம். தாது வருஷப் பஞ்சம். 1876லிருந்து 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். மலைக்கு மேற்கே பத்திரம் எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில் மலைக்குக் கிழக்கே கரிசல் காடுகளில் ஜனங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருபக்கம் ஆளில்லாத நிலம் விலைக்கு வருகிறது, மறுபக்கம் நிலமில்லாத ஆள் விலைக்கு வருகிறான். இரண்டும் சந்திக்க ஒரு கங்காணி போதும்.

1880ல் பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் என்பவர் முதல் தேயிலைச் செடியை நட்டார் என்று தோட்ட வரலாறுகள் சொல்கின்றன. முதலில் காப்பி, சிங்கோனா, ஏலம் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள், தேயிலைதான் நின்றது. 1897ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி உருவாகிறது, பின்னால் நின்றது ஜேம்ஸ் ஃபின்லே. 1964ல் டாடா சேருகிறது. தோட்டங்களின் பெரும்பகுதி 2005ல் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்த வேறொரு கம்பெனிக்கு மாறுகிறது. முதலாளியின் பெயர் மாறிய வரலாறு இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கிறது. நட்டவளின் பெயர் கிடைக்காது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. மூணாறானாலும் வால்பாறையானாலும் கண்டிச்சீமையானாலும், பழைய காகிதங்களில் கூலிகளின் சொந்த ஊர் என்று அடிக்கடி வருவது 'தின்னவேலி'. நாம் இன்றைய திருநெல்வேலியை நினைத்துக்கொள்கிறோம். 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் சாத்தூர் தாலுகாவும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தன. ஆக அந்த ஒரு சொல்லுக்குள் சங்கரன்கோவிலோடு நம் கிராமங்களும் மறைந்து கிடக்கின்றன. 1985ல் தனி மாவட்டமாகப் பிரிந்து, விருதுநகர் மாவட்டம் என்று பெருமைப்படும் நமக்கு, தோட்டத்துக்குப் போனவர்கள் 'வேற ஜில்லாக்காரர்கள்' ஆகிவிட்டார்கள். நிர்வாக எல்லை மாறியதில் ஞாபகமும் சேர்ந்து போயிற்று.

போனவர்களில் பெரும்பாலோர் பள்ளரும் பறையரும் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைப் பேச முடியாது. ஊரில் பண்ணைக்கு அடிமை, மலையில் கங்காணிக்குக் கடன்காரன். முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டு ஓடினால் அது கடன் வழக்கு அல்ல, குற்றம். 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம் அப்படி ஆக்கியது. சென்னை மாகாணம் 1903ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. திருவிதாங்கூரிலும் இதே ரகத்தில் சட்டம் இருந்தது. ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் சிவில், தொழிலாளி மீறினால் கிரிமினல். இதை வெறும் சுரண்டல் என்று பொருளாதாரச் சொல்லில் அடக்கிவிடுவது நம் பழைய இடதுசாரிகளின் வழக்கம். ஊரில் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் மலையேறிப் போனதில், பஞ்சத்தோடு சாதியிலிருந்து தப்பும் ஆசையும் கலந்திருந்தது. அந்த ஆசையையும் சேர்த்துத்தான் கங்காணி விலை பேசினான். லயத்து வீடுகளில் சாதி செத்துவிட்டது என்று சொல்லவில்லை. கங்காணிகளில் பலர் இடைச்சாதியினர் என்பதை மறக்க வேண்டாம்.

இலக்கியத்தில் இந்த வாழ்க்கையை முதலில் முழுசாக எழுதியவர் ஒரு டாக்டர். ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த பி.எச். டேனியல், 1969ல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர 2007 ஆயிற்று. முப்பத்தெட்டு வருஷம். இதற்கிடையில் மலையைப் பற்றித் தமிழில் எத்தனை பயணக் கட்டுரைகள், எத்தனை பனிமூட்டங்கள்!

1924 ஜூலையில் வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். மூணாற்று ரயில் அதோடு முடிந்தது. தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. கயிற்றுப்பாதை அதற்குப் பின்னும் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு மோட்டார் சாலை, லாரி. கம்பெனிக்கு ரயில் ஒரு கருவி, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான். மூணாறு ரயில் நிலையக் கட்டடம் கம்பெனி அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனிலும் அடிவாரத்திலும் கயிற்றுப்பாதையின் மிச்சங்கள் புதருக்குள் போயின.

வால்டர் பெஞ்சமின் இடிபாடுகளைப் பற்றிச் சொன்னதை நம் சிறுபத்திரிகைகள் அடிக்கடி எடுத்தாளும். முன்னேற்றம் என்று நாம் அழைப்பதன் பின்னே குவிந்துகொண்டே போகும் இடிபாடு. சரிதான். ஆனால் இந்த மலையில் இடிந்தது கருவி மட்டும்தான். உறவு இடியவில்லை. ரயில் போய் நூறு வருஷமாகியும் லயம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் சேர்த்தே தள்ளி வைத்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். தமிழ் பேசும் பெண்கள், மலையாளப் பெயர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாற்றுப் பக்கம். நான்கு தலைமுறைக்கு முன் ஏறியவர்களின் வாரிசுகளுக்கு, இறங்கி வந்தால் நிற்க ஒரு செண்டு நிலம் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம்.

எல்லை அரசியலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 1956 நவம்பர் 1ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. டாப் ஸ்டேஷனில் கடைகளைத் தாண்டிக் காட்சிமுனைக்குப் போனால் அது தமிழ்நாடு. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். தமிழ்த்தேசியம் பேசுகிறவர்கள் இழந்த நிலத்தைப் பேசுவார்கள். அந்த நிலத்தில் வேலை செய்தவளுக்கு எந்த மாநிலத்திலும் நிலம் இல்லாமல் போனதைப் பற்றி ஒரு தீர்மானமும் போட்டதாகத் தெரியவில்லை.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்கள், பெண்கள் அதிகம். இருபத்துமூன்று பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் மரம் குறைவு, ஆளுயரக் கோடைப்புல் அதிகம். முதல் கட்டமாக மீட்புக்கு ஓடியவர்களில் குரங்கணிக்காரர்களும் மலைவாசிகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன, அனுமதி, வழிகாட்டி, கட்டணம் எல்லாம் வந்தன. இன்றைய நாற்பது பாதைத் திட்டத்தின் பின்னணியில் அந்தச் சாவுகளும் உண்டு. இதை நான் குறை சொல்லவில்லை. மலை தெரியாதவன் தனியாகப் போகக் கூடாது என்பது நியாயம். ஆனால் மலை தெரிந்தவன் போவதற்கும் அனுமதி வேண்டும் என்பது எப்போது தொடங்கியது?

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தில் தொடங்கியது. அதிலிருந்து காடு 'ரிசர்வ்' ஆயிற்று. விறகும் தழையும் தேனும் மேய்ச்சலும் உரிமையாக இருந்த நிலை போய், சலுகையாகவோ குற்றமாகவோ ஆனது. இதே அரசு இன்னொரு கையால் ரயில் எஞ்சின்களுக்கு எரிக்க மரத்தை வெட்டியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டை வெட்டிய பழங்குடி காட்டை அழித்தான். கட்டையில் ஓடிய எஞ்சின் நாகரிகம் கொண்டுவந்தது.

இப்போது நம் சரிவுக்கு வரலாம். குரங்கணியிலிருந்து தெற்கே மேகமலை, வருஷநாடு தாண்டி அதே மலைத்தொடரின் கிழக்கு முகம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். இங்கே கயிற்றுப்பாதை இல்லை. அதனால் தொழில் மலையைத் தொடவில்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தெற்கே பாபநாசத்தில் 1880களில் ஹார்விகள் தாமிரபரணி விழும் விசையை வைத்தே நூல் நூற்க ஆரம்பித்தார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீர் எந்திரம் ஓட்டும் என்பதை இந்தப் பக்கத்துக்குக் காட்டியது அதுதான். 1927ல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை வந்தது. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். கம்பெனி சீமையில் இல்லை, ஊருக்குள்ளேயே இருந்தது, பங்கு ஊர்க்காரர்களிடம். மேற்கே ஃபின்லே செய்ததும் இதுவும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கரிசலின் பருத்தி, கரிசலின் ஆட்கள். தோட்டத்துக்கு ஓடாமல் ஒரு தலைமுறை கீழேயே சம்பளம் வாங்க முடிந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தொழில் பெருகியது. காந்தியின் கதரைப் போற்றிய ஊரே ஆலைச் சங்கின் ஊராக ஆன முரண்பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் ஊர் பெருத்தால் தண்ணீர் வேண்டும். முடங்கியாறு சாலையில் மேற்கே போனால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ஐயனார் கோவில் பக்கத்து ஓடைகள் அதற்கு வருகின்றன. ஊருக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து. 'ஆறாவது மைல்' என்ற பெயரையே கவனியுங்கள். ஊரிலிருந்து அளந்த பெயர். மலையிலிருந்து அளந்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். அந்த ஓடைகளின் தலைமாட்டில் இருப்பவர்கள் பளியர்கள். ஐயனார் கோவிலிலும் செண்பகத்தோப்பிலும் அத்திகோயிலிலும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. தேன், கடுக்காய், நன்னாரி, கல்பாசி. கடுக்காய் தோல் பதனிடவும் சாயத்துக்கும் போனது. ஆக தோல் ஷாப்பின் கடைசிக் கண்ணி பளியனின் சாக்குப்பை. அவனைக் 'காலத்தில் உறைந்த வேட்டுவன்' என்று எழுதிய மானிடவியலுக்கும், அதை நம்பிக் கவிதை எழுதிய நமக்கும், இந்தச் சந்தைக் கண்ணி மட்டும் கண்ணில் படவில்லை. அடிவாரத்து ஊர்களின் பெண்கள் சுமந்து இறக்கிய விறகுக் கட்டுகளும் இதே கணக்கில் வரும். பலகாரக் கடை அடுப்பும் செங்கல் சூளையும் யார் தலையில் எரிந்தன?

1988 டிசம்பரில் இந்தச் சரிவு சாம்பல்நிற மலை அணில் சரணாலயம் ஆனது. 2021ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அணிலும் புலியும் இருக்கட்டும். அணிலுக்கு மேல்கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்க வேண்டும், காடு துண்டுபட்டால் அது தாங்காது. பாதுகாப்பு வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லப்போவதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிறவனின் உரிமையை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றதைப் பேசு என்கிறது. தமிழகத்தில் அந்தச் சட்டத்தின்படி பட்டா கொடுப்பது நீதிமன்றத் தடையால் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. அந்த வருஷங்களில் சரணாலய எல்லைக்கல் முடங்கவில்லை.

இந்த இரண்டு சரிவுகளிலும் நடக்கிறவர்கள் இனிமேல் சீட்டுப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். வரட்டும். போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் மறுபடி வந்திருக்கிறது. சென்னையிலிருந்து அதிலேயே இறங்கலாம். குரங்கணியில் ஏறும்போது சென்ட்ரல் என்ற பெயருக்கு வழிகாட்டியிடம் காரணம் கேட்கலாம். திட்டத்தின் வழிகாட்டிகளாக எடுக்கப்பட்டிருப்பவர்கள் மலைவாசி, அடிவாரத்து இளைஞர்கள். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியில் பறவைகளின் பெயர்கள் உண்டு, முதலுதவி உண்டு. 1877க்கு முன்பின்னாக மன்றோவுக்கு வழி காட்டியவர்களின் கொள்ளுப்பேரன்கள் அவர்களில் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அருவி எத்தனை அடி என்பதல்ல. தாத்தாவுக்கு இந்த வழியில் என்ன சுமை, எத்தனை படி அரிசி கூலி என்று கேட்டால், பட்டியலில் இல்லாத நாற்பத்தொன்றாவது பாதையை அவர்கள் காட்டுவார்கள். அதில் கயிற்றுப்பாதையின் தூணும் வரும், லயத்துக் கிணறும் வரும், கங்காணி வீட்டுத் திண்ணையும் வரும்.